பீரோவின் முதுகு

என் அக்கா புருஷனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பீரோ. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சேர்ந்த புதிதில், இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் சாய்த்து, மாடியிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் மாமா என்பேன்.

என்னையும் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் மாமாதான். படிக்கட்டில் அவர் எப்போதும் மேல்பக்கம், நான் கீழ்ப்பக்கம். கீழே இருப்பவனுக்குத்தான் பாரம் அதிகம் என்று வேடிக்கை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பாரம் கிடக்கட்டும். மேலே இருப்பவன் கைவிட்டால் கீழே இருப்பவன் காலி. அவனை நம்பித்தான் நான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினேன், இத்தனை வருஷமும்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் சாமான் இருக்கும்போது கனம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. ஒருத்தன் "அய்யோ கனமா இருக்கே" என்று சொன்னால் போதும், அடுத்தவனுக்கும் விரல் தளர்ந்துவிடும். அதனால் கீழே இருப்பவன் "எப்படி?" என்று கேட்பான். மேலே இருப்பவன் "பரவாயில்ல, வா" என்பான். ஃப்ரிட்ஜாக இருந்தாலும் சரி, பியானோவாக இருந்தாலும் சரி, பதில் அதேதான். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி, மாமாவுக்கு நாக்கு வேறு பதிலுக்கு வளையாமலே போய்விட்டது.

மற்றபடி மனிதர் நல்ல ரசிகர். சாமான் ஏற்றும்போது ஒரு வீட்டைப் பார்த்தே அங்கே யார் பேச்சு எடுபடும் என்று சொல்லிவிடுவார். கண்ணாடியை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார், கடைசியில் தானே தூக்கிக்கொண்டு வருவார். வழியில் அதில் தலையைச் சரிசெய்துகொள்வதையும் விட மாட்டார். "வாடிக்கையாளர் முன்னாடி நாம பார்க்கிற மாதிரி இருக்கணும் மச்சான்" என்பார். தலையில் இருந்ததென்னவோ காதோரம் கொஞ்சம் முடி.

அந்த முதுகு போனது ஒரு சோபாவால். மடக்கினால் சோபா, பிரித்தால் கட்டில் என்று ஒரு சாமான் வரும். அதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளும் மாடிப்படி ஏறியிருக்க மாட்டான். தூக்குவதற்கு முன் அதைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். நாங்களும் கட்டித்தான் இருந்தோம். அன்றைக்குச் சாமான் ஏற்றப் போன வீட்டுக்காரம்மா தலையணை உறை உள்ளே மாட்டிக்கொண்டது என்று, நாங்கள் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்துக் கயிற்றை அவிழ்த்து எடுத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். படிக்கட்டுத் திருப்பத்தில் முடிச்சு நழுவி, உள்ளே இருந்த இரும்புக் கட்டில் வாய் பிளந்துகொண்டு வெளியே வந்தது. மாமா விட்டிருந்தால் அது மொத்தமும் என் மேல். அவர் விடவில்லை. இடுப்பை ஒரு பக்கமாகத் திருகி, சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி மாமா?" என்றேன் கீழிருந்து.

"பரவாயில்ல, வா."

வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் நடைபாதையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆனது. வலி குறைந்தது, போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றால் இடது கால் மரத்து, தரை எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய்விடும். எங்கள் எல்லோர் சம்பளத்திலும் மாசாமாசம் பிடிக்கிற இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. வேலை செய்ய முடியாமல் போகிறவனுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுப்பார்கள். மாமாவுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, இன்சூரன்ஸ்காரர்கள் தங்கள் டாக்டரிடம் வந்து காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நான்தான் டாக்ஸியில் கூட்டிப்போனேன். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு பெட்டி. அதில் இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, "முடிஞ்ச வரைக்கும் தூக்குங்க, முடியலன்னா நிறுத்திடுங்க" என்றார் அந்த டாக்டர். பெட்டியைப் பார்த்ததும் மாமா முகத்தில் ஒரு களை வந்ததைப் பார்க்க வேண்டுமே. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே முறையில் அலுங்காமல் தூக்கினார்.

"இன்னும் போடட்டுமா?"

"போடுங்க டாக்டர்."

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

வெளியே வந்து டாக்ஸியில் உட்கார்ந்தவரை வீட்டு வாசலில் இறக்க நானும் டிரைவரும் படாத பாடு பட்டோம். "சோபாவை இறக்குற மாதிரி இறக்குடா, ஆளைப் பிய்க்காதே" என்று எனக்கு அதட்டல் வேறு. அப்புறம் ஒரு வாரத்துக்குமேல் படுக்கைதான். டாக்டர் அதைப் பார்க்கவில்லையே.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. பரிசோதனையில் நன்றாகத் தூக்கினார், தன் டாக்டரிடமும் ஒவ்வொரு தடவையும் பரவாயில்லை என்றே சொல்லியிருக்கிறார், ஆகையால் பழைய வேலையைச் செய்யலாம், இனிமேல் பணம் கிடையாது. கம்பெனி மேனேஜருக்கும் ஒரு நகல். அவர் போன் செய்து, "அவங்களே தகுதின்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வேலைக்கு வந்துடுங்க, இல்லன்னா வேற ஆளைப் போடுவேன்" என்றார்.

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கோ ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு. உடம்பு இரும்பு."

"இரும்புதான். துருப்பிடிச்ச இரும்பு" என்றாள் அக்கா. "குளிச்சிட்டு வர்றதுக்குள்ள சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவை நிக்கிற மனுஷன் ஃப்ரிட்ஜ் தூக்கப் போறாராம். இன்னொரு தடவை அந்த முதுகுல ஏதாவது ஆச்சுன்னா நடக்கவே முடியாதுன்னு நம்ம டாக்டர் சொன்னது காதுல விழலியா?"

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க."

"இந்த டாக்டர் சொன்னா மட்டும் இரும்பா?"

மாமா வேலைக்குப் போகிற சட்டையைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அக்கா சட்டையைத் தேய்த்தாள். அதையே அவருக்குப் போட்டுவிட்டு, நேராக வக்கீலிடம் இழுத்துப்போனாள். நானும் கூடப் போனேன்.

இன்சூரன்ஸ் மறுத்த கேஸ்களை மட்டும் எடுக்கிற வக்கீலம்மா என்று, அக்கா வேலை பார்க்கிற துணி வெளுக்கும் கடையில் ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். ஜெயித்தால்தான் கட்டணம் என்பது ஒரு வசதி. ஆனால் ஆபீஸ் மாடியில், கட்டிடத்துக்கு வெளியே படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"முதுகு போனவங்களுக்கு வக்கீல், ஆபீஸ் மட்டும் மாடியில வெச்சிருக்கீங்க" என்று உள்ளே நுழைந்ததும் கேட்டேவிட்டேன்.

வக்கீலம்மா குட்டையான ஆள், மூக்குக்கண்ணாடி நெற்றியில் கிடந்தது. "கீழே வாடகை அதிகம்" என்றார். "அதோட, வர்றவங்க எப்படி ஏறி வர்றாங்கன்னு இந்த ஜன்னல்ல இருந்தே பாத்துடலாம். இவரு நடுவுல நின்னு, செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரி நடிச்சாரு. போட்டிருக்கிறது ஷூ, அதுல வாரே கிடையாது."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வக்கீலம்மா ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் டாக்டர் எப்படின்னு கேட்டிருக்காரு, ஒவ்வொரு தடவையும் பரவாயில்லன்னு சொல்லியிருக்காரு. ஏன்யா?"

"மரியாதைக்குக் கேக்குறாரு, மரியாதைக்குச் சொல்றோம்" என்றார் மாமா.

நான் எங்கள் படிக்கட்டுப் பழக்கத்தை விளக்கினேன். வக்கீலம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "இன்சூரன்ஸ்காரங்க பக்கத்துச் சாட்சி வேற யாரும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான்."

அப்பீல் போடலாம், கெடு தாண்டவில்லை என்றார். கடிதம் எழுதிப் போட்டால் போதாது, புது ஆதாரம் வேண்டும் என்றார். உடம்பு வேலைக்குத் தாங்குமா என்று சோதித்துச் சொல்கிற ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். அங்கேயும் பெட்டி. மாமா அங்கேயும் தூக்கினார். அக்கா என் கையைக் கிள்ளினாள். ஆனால் அந்தப் பெண்மணி விவரமானவர். "நல்லா செஞ்சீங்க. நாளைக்குக் காலையில இதே நேரத்துக்கு வாங்க, இதையே மறுபடி செய்யணும்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது மாமா கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். விழவில்லையாம், இறங்கியிருக்கிறாராம்.

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

"முடியலன்னு சொல்லட்டுமா?"

"வெளியூர் போயிருக்கேன்னு சொல்லு."

அக்கா அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவரே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தரையில் கிடந்தவரைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார், எழுதிக்கொண்டார். முதல் நாள் தூக்குகிற முதுகு மறுநாள் எழுந்திருக்காது என்றால் அதை வைத்து வேலை பார்க்க முடியாது என்பது அவர் எழுதியதன் சாரம். அப்படி இரண்டாம் நாளும் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அப்பீல் போனது. வேலைக்கு வரச் சொன்ன தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க மேனேஜரிடம் வக்கீலம்மாவே பேசினார். மேனேஜர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர்கள், மறுபடி பார்க்கிறோம், ஆளை நேரில் கூட்டிவாருங்கள் என்றார்கள். வக்கீலம்மாவுக்கு அங்கேதான் பயம். ஒரு பரவாயில்லை வெளியே வந்தால் போச்சு என்றார். அதனால் ஒத்திகை வைத்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"பரவா…"

"ம்?"

"வலி இருக்குங்க. காலையில எழுந்திருக்க முடியல. நிக்க முடியல. உக்கார முடியல." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு.

"உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றார் வக்கீலம்மா. "கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைச் சொன்னா பரவாயில்லதான்" என்றார் மாமா.

அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அந்த நாளும் வந்தது. பெரிய கண்ணாடிக் கட்டிடம், குளிர்ந்த அறை, நீள மேஜை. எதிரே ஒரு அதிகாரி, இள வயசு. ஆள் முரடாக இருந்திருந்தால் பிழைத்திருப்போம். இவர் எழுந்து வந்து, மாமாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகுக்கு ஒரு திண்டும் கொண்டுவந்து வைத்தார். பிறகு உட்கார்ந்து, உண்மையான அக்கறையோடு, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டார்.

"பரவாயில்ல தம்பி" என்றார் மாமா.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரியின் பேனா நகர்ந்தது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் அந்தப் பேனா முனையில் ஒழுகிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அடுத்த மாதம் படிக்கட்டில் நிற்கப்போகிறார், அவ்வளவுதான்.

வக்கீலம்மா அசரவில்லை. "சார், நான் ஒண்ணு கேட்டுக்கறேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு மாமா பக்கம் திரும்பினார்.

"நீங்க உங்க குழுவுக்குத் தலைவர்தானே? யார் எந்தச் சாமானைத் தூக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா. நான்தான்."

"நாளைக்கு ஒரு ஆள் வேலைக்கு வர்றான். நல்ல பையன். ஆனா முதுகுல ஆபரேஷன் ஆகியிருக்கு. கொஞ்ச நேரம் நின்னா இடது கால் மரத்துப் போகுது, சொல்லாம கொள்ளாம. இன்னைக்குத் தூக்கினா நாளைக்குத் தரையில கிடக்கிறான். படிக்கட்டுல மேல்பக்கம் அவனை நிறுத்துவீங்களா?"

"அவனையா?" மாமா சிரித்தேவிட்டார். "வண்டிப் பக்கமே விட மாட்டேன்."

"ஏன்? பையன் பரவாயில்லன்னு சொல்றான்."

"அவன் சொல்லுவாம்மா. வேலை போயிடுமேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. அதைக் கேட்டா ஆகுமா? திருப்பத்துல என்ன ஆகும் தெரியுமா? சாமானைச் சாய்க்கணும், மொத்தமும் இடது கால்ல வந்து நிக்கும். அங்க கால் மரத்துச்சுன்னா கைப்பிடி தானா விடும். நாம விடணும்னு இல்ல, அதுவே விடும். அவ்வளவு பாரமும் கீழ இருக்கிறவன் நெஞ்சுல. அவனுக்கு ஒதுங்க இடமே கிடையாது, பின்னாடி படி. அந்த மாதிரி ஆளை நிறுத்துறதும் ஒண்ணு, கீழ இருக்கிறவனைக் கொல்றதும் ஒண்ணு."

"கீழ யார் இருப்பாங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"கீழயா, எப்பவும் என் மச்…"

மாமா என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

மாமா அதிகாரி பக்கம் திரும்பினார். குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, அதை எழுதிட்டீங்களா, முதல்ல சொன்னதை?"

"எழுதியிருக்கேங்க ஐயா."

"அடிக்க முடியுமா?"

"அடிக்கக் கூடாதுங்க. ஆனா கீழ வேற எழுதலாம்."

"அப்ப எழுதிக்குங்க." மாமா மோட்டுவளையைப் பார்க்கவில்லை. அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். காலையில் எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகிறது, பல் தேய்க்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார், கால் எப்படிக் காணாமல் போகிறது, அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு எத்தனை நாள் கிடந்தார், எல்லாம். அக்காவுக்கே தெரியாத இரண்டொன்று அதில் இருந்தது. மாடியில் துணி காயப்போடப் போய் இறங்க முடியாமல், அவள் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காற்று வாங்கினேன் என்று சொன்னது உட்பட.

"காத்து வாங்குனீங்களா" என்றாள் அக்கா, மெதுவாக.

"காத்தும் வந்துச்சு" என்றார் மாமா.

முடிவு வரச் சில வாரம் பிடித்தது. வக்கீலம்மா போன் செய்தார். நிறுத்தியதைத் திரும்பக் கொடுக்கிறார்களாம், விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து. அதிலிருந்து தன் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் சொன்னார், மறைக்கவில்லை. "அவர்கிட்ட சொல்லி வைங்க. இனிமே யாருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்கக் கூடாது. முதுகுக்கும் ஆகாது, கேஸுக்கும் ஆகாது" என்றார்.

அக்கா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "முடியாதவன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க, இதுல உங்களுக்கு என்ன இவ்வளவு குஷி?" என்றார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் போனால் மட்டும், இப்போது மேல்பக்கம் யார் நிற்கிறான், கை எப்படி, திருப்பத்தில் அவசரப்படுகிறானா என்று கேட்பார். அவசரப்படுகிறவன்தான். இல்லை என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதே கட்டிடத்தில் எதிர் வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவந்தார்கள். எங்கள் கம்பெனி இல்லை, வேறு ஏதோ ஒன்று. படிக்கட்டில் சத்தம் கேட்டு மாமா கதவைத் திறந்தார். நானும் பின்னால் போய் நின்றேன். இரண்டு பேர் ஒரு பெரிய மர அலமாரியோடு திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். கதவுகளைக் கழற்றாமலே தூக்கி வந்திருக்கிறார்கள், நிமிர்த்த வேண்டியதைப் படுக்கப்போட்டிருக்கிறார்கள். பார்க்கவே கண் வலித்தது.

மாமாவின் கை இரண்டும் தானாக மேலே வந்தன. ஒரு எட்டு வெளியே வைத்தார். உள்ளே அக்கா டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலே இருந்தவன் வியர்த்து வழிந்தபடி மாமாவைப் பார்த்தான். மாமா வாட்டசாட்டமான ஆள், கதவுக்கு அளவெடுத்த மாதிரி நிற்கிறார். யாருக்கும் கேட்கத் தோன்றும்.

"அண்ணே, ஒரு கை கொடுக்கிறீங்களா?"

மாமா அந்த அலமாரியைப் பார்த்தார், அடியிலிருந்து நுனி வரை.

"என்னால முடியாதுப்பா" என்றார். "கீழ வெச்சிட்டுக் கதவைக் கழட்டுங்க."

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, படிக்கட்டுச் சத்தம் கேட்காத அளவுக்கு.